பண்ணையிலிருந்து பந்திக்கு



உணவறையில் அமர்ந்து செபம் சொல்லும்போது, இவ்வுணவைச் சமைத்தவர்களையும் விளைவித்தவர்களையும் ஆண்டவர் ஆசீர்வதிக்க வேண்டுமென்று சேர்த்துக்கொள்கிறோம். சமைத்தவர்களை நமக்குத் தெரியும். விளைவித்தவர்கள் யார்? தட்டில் உள்ள கத்தரிக்காய் எந்த ஊர்த் தோட்டத்தது, யார் பறித்தார், எப்போது பறித்தார் என்று கேட்டால் நாம் எல்லோருமே விழிப்போம். இக்கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய உணவு விடுதிகள் சில உலகில் இருக்கின்றன. அவற்றுள் பெயர் பெற்ற ஒன்றைப் பற்றி நான் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கீழ்க்கரையில் பெர்க்லி என்னும் நகரம் உள்ளது. அங்கே 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், ஒரு பழைய வீட்டில், ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற இருபத்தேழு வயதுப் பெண் தம் நண்பர்களுடன் சேர்ந்து ஓர் உணவு விடுதியைத் திறந்தார். அதன் பெயர் ஷே பனீஸ். 'பனீஸ் வீட்டில்' என்று பொருள். பனீஸ் என்பவர் பழைய பிரெஞ்சுத் திரைப்படங்களில் வரும் ஒரு கதாபாத்திரம். ஆலிஸ் எந்தச் சமையற்கலைக் கல்லூரியிலும் பட்டம் பெற்றவரல்லர். மாண்டிசோரி பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தவர். தொட்டும் முகர்ந்தும் பார்த்தும் கற்கும் அந்த முறைதான் பின்னர் அவருடைய சமையலறைக்குள்ளும் நுழைந்ததோ என்று எனக்கொரு எண்ணம்.

கல்லூரி நாட்களில் அவர் பிரான்சில் சிறிது காலம் தங்கினார். அங்கே மக்கள் காலையில் சந்தைக்குப் போய், அன்று வந்திருப்பதை வாங்கி, அன்றைக்கே சமைத்து உண்பதைக் கண்டார். ஊர் திரும்பிய பின் அந்தச் சுவையைத் தேடினார், கிடைக்கவில்லை. "இதிலென்ன அதிசயம்? எங்கள் பாட்டி தினமும் செய்வதுதானே!" என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் அக்கால அமெரிக்காவில் டப்பாவில் அடைத்த பழமும், பனிக்கட்டியாய் உறைய வைத்த காய்கறியுமே பெரும்பாலான வீடுகளில் வசதியாகக் கருதப்பட்டன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் நாள் இரவு விருந்தில் ஒரே ஒரு உணவுப் பட்டியல்தான். மாவுறைக்குள் வைத்துச் சுட்ட இறைச்சி, ஆலிவ் காய்களுடன் சமைத்த வாத்து, பச்சைக்கீரைக் கலவை, பிளம் பழப் பணியாரம். விலை 3 டாலர் 95 சென்ட். 'எனக்கு இது வேண்டாம், அது வேண்டும்' என்று எவரும் கேட்க இயலாது. வீட்டில் அம்மா சமைத்ததைச் சாப்பிடுவது போலத்தான்.

சுவைக்காகப் பண்ணையைத் தேடிப் போவானேன் என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விஞ்ஞானம் விடை தருகிறது. இனிப்பு மக்காச்சோளக் கதிரைச் செடியிலிருந்து ஒடித்த உடனேயே அதிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். பழைய வகைக் கதிர்கள் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரே நாளில் ஏறக்குறையப் பாதிச் சர்க்கரையை இழந்துவிடுகின்றன. தக்காளியின் கதை வேறு. நெடுந்தொலைவு லாரியில் போக வேண்டிய தக்காளியைக் காயாகவே பறித்து, எத்திலீன் என்ற வாயுவைச் செலுத்திச் சிவக்க வைக்கிறார்கள். நிறம் வந்துவிடுகிறது, கொடியில் தொங்கிச் சேர்க்க வேண்டிய இனிப்பு வருவதில்லை. எனவே நல்ல சுவை வேண்டுமானால் தொலைவையும் குறைக்க வேண்டும், நேரத்தையும் குறைக்க வேண்டும். ஆலிஸ் முதலில் தேடியது சுவையைத்தான். அந்தத் தேட்டமே அவரை ரசாயன உரமின்றிப் பயிரிடும் சிறு உழவர்களின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

இங்கேதான் முறை தலைகீழாகிறது. சாதாரண ஓட்டலில் முதலில் பட்டியலை அச்சிடுகிறார்கள். பிறகு அதற்கு வேண்டிய சரக்கை எங்கிருந்தாவது வரவழைக்கிறார்கள். ஷே பனீஸில் முதலில் தோட்டத்துக் கூடை வருகிறது. அதைப் பார்த்த பிறகே பட்டியல் எழுதப்படுகிறது. ஆரம்ப காலத்தில் பெர்க்லி நகரத்தார் தங்கள் கொல்லையில் காய்த்த எலுமிச்சையையும் கீரையையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சாப்பிட்டுப் போனதும் உண்டாம். 1976 அக்டோபர் 7 அன்று, அப்போதைய தலைமைச் சமையற்காரர் ஜெரமையா டவர் ஒரு விருந்து சமைத்தார். அதுவரை பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டு வந்த பட்டியலை அன்று ஆங்கிலத்தில் எழுதினார். டொமாலஸ் விரிகுடாச் சிப்பி, மான்டரே விரிகுடா இறால், செபாஸ்டபோல் பெருவாத்து என்று பல பண்டங்களுக்கு அவற்றின் ஊர்ப் பெயரைச் சேர்த்திருந்தார். பிரான்சின் புகழைப் பாடிக்கொண்டிருந்த விடுதி தன் சொந்த மண்ணைப் பெயர் சொல்லி அழைத்தது அன்றுதான்.

1980-இல் மாடியில் ஒரு எளிய சிற்றுண்டிப் பகுதி தொடங்கப்பட்டது. கீழ்த்தளத்தில் ஒரே விருந்து. மாடியிலோ வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கலாம். சமையலறைக்குத் தடுப்பு இல்லை. விறகு அடுப்பில் பீட்சா வேகுவதை இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டியை ரொட்டித்தூளில் புரட்டிச் சுட்டு, இளங்கீரைகளோடு தருவது அங்கே புகழ் பெற்ற பண்டம். அதைச் செய்து அனுப்பியவர் சோனோமா என்ற இடத்தைச் சேர்ந்த லாரா செனெல். பிரான்சு சென்று அத்தொழிலைக் கற்றுவந்த பெண்மணி. ஒரு விடுதி வாரந்தோறும் தவறாமல் வாங்கிக்கொண்டதால் அவருடைய தொழில் வேரூன்றியது.

நிச்சயமாக வாங்கிக்கொள்ள ஒருவர் இருப்பது உழவருக்கு எத்தனை பெரிய காரியம்! அமெரிக்காவில் மக்கள் உணவுக்காகச் செலவிடும் ஒவ்வொரு டாலரிலும் விளைவித்தவருக்குச் சேர்வது சுமார் 15 சென்ட்தான் என்று அந்நாட்டு வேளாண்துறைக் கணக்கு கூறுகிறது. மீதியெல்லாம் பதப்படுத்துவோர், ஏற்றிச் செல்வோர், விற்போர், சமைப்போர் கைகளுக்குப் போய்விடுகிறது. ஷே பனீஸ் 1980-களிலிருந்து பாப் கன்னார்ட் என்பவரின் பண்ணையிலிருந்து நேரடியாகக் காய்கறி வாங்கி வந்தது. அப்பண்ணையைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஆலிஸின் தந்தை. காய்கறி ஏற்றிவரும் வண்டி திரும்பிப் போகையில் வெறுமனே போகாது. சமையலறையில் கழித்த தோலையும் தண்டையும் எருவாக்க எடுத்துச் செல்லும்.

என் மனத்தில் மிகவும் பதிந்தது ஒரு பீச் பழத்தின் கதை. பிரெஸ்னோ நகருக்கு அருகே டேவிட் மாஸ் மாசுமோட்டோ என்ற உழவர் இருக்கிறார். அவர் தோட்டத்தில் சன் கிரெஸ்ட் என்ற பழைய பீச் வகை மரங்கள் நின்றன. பழம் தேனாய் இனிக்கும். ஆனால் கடைத்தெருவில் எல்லோரும் கேட்கும் செக்கச்சிவந்த நிறம் அதற்கில்லை. பறித்த பின் அதிக நாள் தாங்குவதுமில்லை. வியாபாரிகள் வேண்டாமென்றார்கள். மரங்களை வேரோடு அகற்றிவிடுவதென்று எண்ணி, அந்தத் துயரத்தை 1987-இல் ஒரு நாளிதழில் கட்டுரையாக எழுதினார். படித்த மக்கள், 'வெட்டாதீர்கள்' என்று கடிதம் எழுதினார்கள். மரங்கள் பிழைத்தன. கடிதம் மட்டும் போதுமா? பழத்தை வாங்கவும் ஆள் வேண்டுமே! நிறத்தைப் பாராமல் சுவையைப் பார்த்து வாங்கியவர்களுள் ஷே பனீஸும் ஒன்று. அங்கே நன்கு கனிந்த ஒரே ஒரு பழத்தை அப்படியே தட்டில் வைத்து, உணவின் முடிவில் இனிப்பாகப் பரிமாறுவதுண்டு. 'இது சமையலா? கடையில் வாங்கி வைத்ததுதானே!' என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த ஒரு பழம் தட்டுக்கு வருவதற்கு ஒரு மரம் வெட்டப்படாமல் நிற்க வேண்டியிருந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, விலை. 1971-ஆம் ஆண்டின் 3 டாலர் 95 சென்ட், விலைவாசி ஏற்றத்தைக் கணக்கிட்டால், இன்று ஏறத்தாழ 30 டாலர் ஆகும். ஆனால் அவ்விடுதியின் கீழ்த்தளத்தில் இன்று ஓர் இரவு உணவு 150 டாலருக்கும் மேல். உழவருக்கும் பணியாளருக்கும் நியாயமான கூலி கொடுத்தால் விலை உயரத்தான் செய்யும் என்பது ஆலிஸின் வாதம். அது எனக்கும் புரிகிறது. இருந்தாலும் காய்கறி பறிக்கும் கூலியாள் தம் குடும்பத்தோடு அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்ற கேள்வி என்னை விடவில்லை.

இரண்டாவது, பொய். பண்ணை உணவுக்கு மவுசு வந்ததும், பண்ணையின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு மொத்த வியாபாரியிடம் சரக்கு வாங்கும் விடுதிகளும் தோன்றின. 2016-இல் புளோரிடா மாநிலத்தின் தாம்பா பே டைம்ஸ் நாளிதழ் இதை ஆராய்ந்து வெளியிட்டது. அதன் நிருபர் செய்தது மிக எளிய காரியம். பலகையில் எழுதியிருந்த பண்ணைகளிடமே, 'நீங்கள் இவர்களுக்கு விற்கிறீர்களா?' என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்த இடங்கள் பல.

விலையைப் பற்றிய என் கேள்விக்கு முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் 1995-இல் ஆலிஸ் தொடங்கிய ஒரு வேலையைப் பற்றிப் படித்தபோது மனம் சற்று ஆறுதல் அடைந்தது. பெர்க்லியில் மார்ட்டின் லூதர் கிங் பெயரில் ஓர் அரசு நடுநிலைப்பள்ளி இருக்கிறது. அதன் வளாகத்தில் தார் பூசிக் கிடந்த ஒரு ஏக்கர் நிலத்தைப் பெயர்த்தெடுத்து, மாணவர்களைக் கொண்டே தோட்டம் போட்டார்கள். இன்றும் நம் வயதையொத்த பிள்ளைகள் அங்கே மண்ணைக் கொத்துகிறார்கள். கோழிகளுக்குத் தீனி வைக்கிறார்கள். பறித்ததைப் பள்ளிச் சமையல் வகுப்பில் தாங்களே சமைக்கிறார்கள். பிறகு மேசையில் விரிப்பு விரித்து, தோட்டத்துப் பூக்களைக் குவளையில் வைத்து, எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த மேசையில் இருப்பது எந்தப் பாத்தியில் விளைந்தது, யார் பறித்தது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவுவதும் அவர்கள் முறைதான்.