மளிகைக்கடை வந்தால் வீட்டு விலை ஏறும், தெரியுமா?

நீங்கள் ஒரு செங்கலைக்கூட மாற்றவில்லை, சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டின் விலை ஏறிவிடுகிறது! காரணம், நாலு தெரு தள்ளித் திறந்த ஒரு மளிகைக்கடை. நம்ப முடிகிறதா?

அமெரிக்காவில் டெவின் போப், ஜேரன் போப் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், 2000 முதல் 2006 வரை திறக்கப்பட்ட 159 வால்மார்ட் கடைகளைச் சுற்றி நடந்த வீட்டு விற்பனைகளை அலசினார்கள். கடையிலிருந்து அரை மைலுக்குள், அதாவது சுமார் 800 மீட்டருக்குள் இருந்த வீடுகளுக்கு 2 முதல் 3 சதவீதம் விலை கூடியிருந்தது. அதைத் தாண்டி ஒரு மைல் வரை 1 முதல் 2 சதவீதம். இத்தனைக்கும் "வால்மார்ட் எங்கள் ஊருக்கு வேண்டாம்" என்று ஊர் ஊராகக் கொடி பிடித்த நாடு அது! லாரிச் சத்தம், வண்டி நெரிசல், ராத்திரி முழுக்க விளக்கு என்று பயந்தார்கள். பக்கத்திலேயே அரிசியும் பாலும் கிடைக்கும் வசதி அத்தனையையும் மிஞ்சிவிட்டது.

விலை ஏறுகிற இடமாகப் பார்த்துத்தான் கடைக்காரர் கடை வைத்திருப்பாரோ? நியாயமான சந்தேகம். அதனால்தான் கடை வருவதற்கு முன்பும் பின்பும், கடைக்கு அருகிலும் சற்றுத் தள்ளியும் இருந்த விலைகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். இங்கிலாந்தில் வெயிட்ரோஸ் என்ற சூப்பர் மார்க்கெட்டுக்குப் பக்கத்து வீடுகளுக்கு மவுசு அதிகம் என்று அடிக்கடி செய்தி வரும். அங்கே வசதியானவர்கள் வாழும் தெருவைத் தேடிக் கடை போகிறது என்பதே என் எண்ணம். கடையால் விலை ஏறுவதையும், விலை ஏறிய இடத்துக்குக் கடை வருவதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சந்தைக்கும் மண்ணின் விலைக்கும் உள்ள உறவைக் கணக்குப் போட்டவர் யார் தெரியுமா? ஜெர்மனியைச் சேர்ந்த பண்ணையார் வான் தூனன். 1826-லேயே புத்தகம் போட்டார்! சந்தை தூரமாகப் போகப் போக வண்டிச் செலவு கூடும், நிலத்தின் மதிப்பு குறையும் என்றார். சீக்கிரம் கெட்டுப்போகும் காய்கறியைச் சந்தைக்குப் பக்கத்திலேயே பயிரிடுவார்கள் என்பதும் அவர் சொன்னதுதான்.

அந்தக் கணக்கு இடறும் ஊர் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. காந்தலூர்! உடுமலையிலிருந்து சின்னாறு காட்டைத் தாண்டி மறையூர், அங்கிருந்து இன்னும் மேலே ஏறினால் வரும், அஞ்சுநாடு என்ற மலைப்பகுதியைச் சேர்ந்த ஊர். கேரளத்தின் இடுக்கி மாவட்டம்தான், ஆனால் தமிழ் நிறைந்த மண். பெரிய சந்தைகளெல்லாம் மலைக்குக் கீழே. அப்படியிருந்தும் கேரட், கோஸ், பீன்ஸ், உருளை, ஆப்பிள் எல்லாம் இங்கே விளைகின்றன. இந்தக் குளிர் கீழே எந்த ஊரிலும் கிடைக்காதே! காந்தலூர், வட்டவடைப் பூண்டுக்கு 2022-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. 2023-ல் மத்திய சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலாக் கிராமத்துக்கான தங்க விருதையும் இந்த ஊருக்குக் கொடுத்தது.

இங்கே கதை தலைகீழாகிறது, கவனியுங்கள். நகரத்து வீட்டுக்கு மதிப்புக் கூட்டுவது பொருளை விற்கும் கடை. வீடும் தோட்டமும் ஒன்றாக இருக்கும் மலை ஊரில், விளைந்ததை வாங்கிக்கொள்ளும் கடைதான் மண்ணுக்கு மதிப்பைத் தருகிறது. கேரள அரசின் தோட்டக்கலை நிறுவனமான ஹார்ட்டிகார்ப் இங்கே காய் கொள்முதல் செய்கிறது, தமிழ்நாட்டு வியாபாரிகளும் லாரியில் ஏற்றிப் போகிறார்கள். கொள்முதல் நிலையம் வீட்டுக்குக் கிட்டே இருந்து, காசும் தாமதமில்லாமல் கைக்கு வந்தால், யாரும் தோட்டத்தை விடுதி கட்டுகிறவருக்கு விற்க அவசரப்பட மாட்டார்கள். பளபளக்கும் சூப்பர் மார்க்கெட்டைவிட இந்த ஊருக்கு அதுதான் முதல் தேவை என்று உறுதியாகச் சொல்வேன்.

கடை வந்து விலை ஏறினால் எல்லோருக்கும் கொண்டாட்டமா? இல்லை. சொந்த வீட்டுக்காரருக்கு லாபம், குடியிருப்பவருக்கு வாடகை உயர்வு! இதை ஈடுகட்ட நியாய விலையில் விற்கும் கடைகள் வேண்டும். அந்த நோக்கத்தோடு சென்னையில் திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம் 1904-லேயே தொடங்கியது. கேரளத்தில் 1974-ல் உருவான அரசு நிறுவனம் சப்ளைகோ, மாவேலி ஸ்டோர் என்ற நியாய விலைக் கடைகளை நடத்துகிறது.

வீடு வாங்கப் போகிறீர்களா? விளம்பரத்தில் வரும் "ஐந்து நிமிடத்தில் சூப்பர் மார்க்கெட்" என்பதை நம்பிவிடாதீர்கள், நீங்களே நடந்து பாருங்கள். காந்தலூருக்குச் சுற்றுலா போனால், பூண்டையும் ஆப்பிளையும் விளைவித்தவரிடமே, அவர் சொல்லும் விலைக்கு வாங்கி வாருங்கள்.