திண்ணையில் கிடைக்கும் சொல்

அகராதியை மனப்பாடம் செய்து ஆங்கிலச் சொல்வளம் பெறுவது அரிது. ஒரு சொல் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு துணைச் சொற்களோடு மீண்டும் மீண்டும் கண்ணில் படும்போதுதான் அது மனத்தில் தங்குகிறது. அதற்கு வாசிப்பே வழி. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், ஆங்கிலக் கவி ஷெல்லியின் மீது கொண்ட ஈடுபாட்டால் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் சூட்டிக்கொண்டதோடு, ஆங்கிலத்திலும் எழுதினார்.

எனினும், கரியமாணிக்கம் போன்ற சிற்றூர் மாணவருக்கு, ஷெல்லியைவிட, ஆங்கிலத்தில் எழுதிய இந்திய நாவலாசிரியர் ஆர். கே. நாராயணே நல்ல தொடக்கம். 1958இல் வெளிவந்த அவரது ‘தி கைடு’ நாவலில், கதைநாயகன் ராஜு படித்த பள்ளியைப் பற்றிய பகுதியில் ‘பயோல்’ என்றொரு சொல் வருகிறது. வீட்டு முகப்பில் பிள்ளைகள் அமர்ந்து பாடம் படிப்பதைக் காணும் தமிழ் வாசகர், அது திண்ணைதான் என்று அகராதியைப் புரட்டாமலே அறிந்துகொள்கிறார். சூழலைக் கொண்டு பொருளை உணரும் இம்முறை, சூழல்வழிக் கற்றல் எனப்படும்.