பந்தலுக்கு அடியில் பாதை போடும் புழு

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து, பூ, பிஞ்சு, குலை என்று ஆண்டு முழுக்கப் பந்தலில் வேலை இருக்கும். இந்த ஊர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. பந்தலுக்கு அடியில் ஓயாமல் நடக்கும் இன்னொரு வேலையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அது மண்புழுவின் வேலை.

மண்புழுவுக்குக் காலும் இல்லை, எலும்பும் இல்லை. உடலைச் சுற்றி வளையத் தசை, நீளவாக்கில் இன்னொரு தசை, உள்ளே திரவம். வளையத் தசை இறுகினால் உடல் மெலிந்து நீண்டு, முனை மண் இடுக்கில் நுழையும். நீளத் தசை இறுகினால் உடல் தடித்து, இடுக்கை அகலப்படுத்தும். வழுக்காமல் பிடித்துக்கொள்ள நுண்ணிய முட்கள் உதவுகின்றன. இடுக்கே இல்லாத இடத்தில் மண்ணைத் தின்றபடியே முன்னேறும்.

ஒரு புழு நகர்வது இப்படி. பல சேர்ந்து நகர்ந்தால்? தானாக நகரும் துகள்களின் கூட்டத்தை எளிய விதி ஒன்றால் விளக்க முடியும் என்று 1995இல் இயற்பியலாளர் தமாஸ் விசெக்கும் அவரது குழுவினரும் காட்டினார்கள். அருகில் இருப்பவை செல்லும் திசையின் சராசரியை ஒவ்வொரு துகளும் சிறு தற்செயல் விலகலுடன் பின்பற்றும், அவ்வளவுதான் விதி. அந்தத் துகள்கள் கடக்கும் வெளி மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும்.

புழுக்கள் நகரும் மண்ணுக்குள் நிலைமை வேறு.

புழு போன வழியின் சுவரில் அதன் உடலில் ஊறும் வழவழப்பு பூசப்படுகிறது. வளை எளிதில் சரிவதில்லை. காட்டு ஒற்றையடிப் பாதையைப் போல, அடுத்து வரும் புழுவுக்கு அங்கே உழைப்பு குறைவு. அதே சமயம், புழு கழிக்கும் மண் வேறு சில துளைகளை அடைத்துவிடும். ஒரு வழி திறக்க, ஒரு வழி மூட, நிலத்தடி வலைப்பின்னல் நாளுக்கு நாள் மாறுகிறது. மாறிய வலைப்பின்னலே அடுத்த பயணத்தைத் தீர்மானிக்கிறது.

எல்லாப் புழுவும் ஒரே மாதிரி தோண்டுவதில்லை. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற இனம் மேலாக, மக்கும் குப்பையில் வாழ்வது. நம் ஊர் லாம்பிட்டோ மொரிட்டி மண்ணுக்குள் வளை அமைப்பது. இந்த உள்ளூர் இனங்களின் பயனைத் தமிழக உழவர்களிடம் கொண்டு சேர்த்தவர்களில் சென்னை ஆய்வாளர் சுல்தான் இஸ்மாயில் முக்கியமானவர்.

வளைகள் வழியே தண்ணீர் கீழே இறங்குகிறது, காற்று புகுகிறது, வேர் எளிதாக ஓடுகிறது. மண்ணைப் புரட்டுவதில் புழுக்களின் பங்கை விளக்கி டார்வின் 1881இல் தனி நூலே எழுதினார்.

திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையைத் தெளிக்கிறார்கள். அதிலுள்ள செம்பு மண்ணில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்; அளவு மிஞ்சினால் புழுக்கள் அந்த மண்ணை விட்டு விலகும், பெருகுவதும் குறையும். ஆள் இல்லாத வளைகள் நாளடைவில் தூர்ந்துவிடும்.

எனவே நோயின் அளவறிந்து மருந்து தெளியுங்கள். கவாத்துக் கழிவில் நோயற்றதைக் கொடிக்கு அடியில் மூடாக்காகப் போட்டு, தொழுவுரமும் இடுங்கள். மழை ஓய்ந்த ஒரு காலையில் மண்ணைக் கொஞ்சம் வெட்டி, புழு இருக்கிறதா என்று பாருங்கள்.