ஒரு சுருள், நான்கு ரயில்கள்

ஒரே பெட்டியிலிருந்து நான்கு பொம்மை ரயில்களை நான்கு வெவ்வேறு வேகத்தில் ஓட்ட முடியுமா? முடியும். அப்படி ஒரு பெட்டியை 1948இல் வெளியிட்டது அமெரிக்காவின் லயனல் நிறுவனம். ஜோஷுவா லயனல் கோவன் 1900இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் இது. அது வெளியிட்ட ‘இஸட்டபிள்யூ’ என்ற மின்மாற்றி, இரு ஓரங்களிலும் பெரிய கைப்பிடிகள் கொண்ட கனமான கறுப்புப் பெட்டி. முதலில் 250 வாட், 1950 முதல் 275 வாட். 1966 வரை தயாரிக்கப்பட்ட இந்தப் பெட்டிகளில் பல இன்றும் ஆர்வலர்களின் மேசைகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

இதன் அடிப்படை, 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். இரும்பு உள்ளகத்தில் இரண்டு சுருள்கள். முதன்மைச் சுருளில் மாறுதிசை மின்னோட்டமான வீட்டு மின்சாரம் பாயும்போது, உள்ளகத்தில் காந்தப்புலம் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றம் துணைச் சுருளில் சுமார் 20 வோல்ட் வரை மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இரண்டு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. குழந்தைகள் தண்டவாளத்தைத் தொட்டாலும் வீட்டு மின்சாரம் தாக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

நான்கு வேகம் எப்படி வருகிறது? துணைச் சுருளின் சுற்றுகள் ஒரு பக்கம் உறையின்றி வெறும் செம்பாக விடப்பட்டிருக்கும். அதன்மேல் நான்கு சிறிய கரி உருளைகள் ஊர்ந்து செல்லும். சுருளின் ஒவ்வொரு சுற்றும் ஏணிப்படி போல. உருளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்த அளவு மின்னழுத்தம் வெளியே வரும். நான்கு உருளைகளுக்கும் ஏ, பி, சி, டி என நான்கு முனைகள். திரும்பி வரும் மின்னோட்டம் அனைத்துக்கும் ‘யு’ என்ற ஒரே பொது முனை. ஏ, டி இரண்டும் பெரிய கைப்பிடிகளுக்கு உரியவை. நடுவிலுள்ள சிறு குமிழ்கள் பி, சி இரண்டையும் இயக்கும். அவற்றில் ரயிலும் ஓட்டலாம், விளக்கும் எரிக்கலாம்.

உலோகம் இருக்க ஏன் கரி? நகரும்போது உருளை அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளை ஒரே நேரத்தில் தொடும். உலோகமாக இருந்தால் அந்தச் சுற்று தனக்குள் மூடிக்கொண்டு, பெருமளவு மின்னோட்டம் பாய்ந்து சுருள் கருகிவிடும். கரியின் மின்தடை அதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் கரி தேயும். தேய்ந்த உருளையை மாற்றாவிட்டால் உருளையைத் தாங்கும் உலோகம் சுருளில் உரசத் தொடங்கும்.

இந்த ரயில்களின் தண்டவாளத்தில் மூன்று கம்பிகள். நடுக்கம்பி மின்சாரத்தைக் கொண்டுவரும், வெளிக்கம்பிகள் திருப்பி அனுப்பும். மாறுதிசை மின்னோட்டத்தில் என்ஜின் மோட்டார் முன்னும் பின்னும் தடுமாற வேண்டாமா என்று கேட்கலாம். மோட்டாரின் நிலைச்சுருள், சுழல்சுருள் இரண்டிலும் திசை ஒன்றாகவே மாறுவதால் சுழற்சி மாறுவதில்லை. ரயிலைப் பின்னோக்கி ஓட்ட, மின்சாரத்தை ஓரிரு முறை ஒரு கணம் துண்டித்தால் போதும். ஒவ்வொரு முறையும் என்ஜினுக்குள் உள்ள சிறு இயந்திர சுவிட்ச் அடுத்த நிலைக்கு நகரும். விசில் ஊத, கைப்பிடி சிறிதளவு நேர்திசை மின்னோட்டத்தைக் கலந்து அனுப்பும். மாறுதிசைக்கு அசையாத ஒரு ரிலே அதற்கு மட்டும் விழித்துக்கொள்ளும்.

இனி கணக்குக்கு வருவோம். பெட்டியில் அச்சிட்ட 275 வாட் என்பது அது சுவரிலிருந்து உறிஞ்சும் அளவு. ரயில்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 180 வாட்தான். 18 வோல்ட்டில் அது 10 ஆம்பியர். பழைய என்ஜின் ஒன்று சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். விளக்கு எரியும் பெட்டிகளைக் கோத்தால் இன்னும் கூடும். நான்கு எளிய ரயில்கள் தாராளமாக ஓடும். ஆனால் எல்லாம் ஒரே சுருளில் பங்கு போடுவதால், ஒன்று திடீரென அதிகம் இழுத்தால் மற்றவை சற்றே தளரும்.

பங்கு போடுவதில் பெரிய ஆபத்தும் இருக்கிறது. பாதுகாப்புக்கான சர்க்யூட் பிரேக்கர் யு முனையின் பாதையில் மட்டுமே உள்ளது. ஏ பகுதித் தண்டவாளம் 10 வோல்ட்டிலும், டி பகுதி 18 வோல்ட்டிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ரயில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும்போது, அதன் அடியிலுள்ள இரண்டு தொடு உருளைகள் இரு பகுதிகளையும் இணைத்துவிடும். அப்போது மின்னோட்டம் டி வழியே வந்து ஏ வழியே சுருளுக்கே திரும்பும். யு பக்கம் அது போவதே இல்லை. பிரேக்கருக்குச் செய்தியே தெரியாது. சுருளும் ரயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பியும் சூடேறும். இதற்கு மருந்து எளிது: நான்கு முனைகளிலும் தனித்தனி ஃபியூஸ் போடுங்கள். ரயில் பகுதி மாறும் நேரத்தில் இரண்டு கைப்பிடிகளையும் ஒரே அளவில் வையுங்கள்.

மின்னணுப் பலகை கொண்ட புதிய என்ஜின்களுக்கு இன்னொரு கவனம் தேவை. பழைய பிரேக்கர் சூடேறிய பிறகே துண்டிக்கும். சிலிக்கன் சில்லு அதுவரை காத்திருக்காது. ரயில் தடம் புரண்டு பொறி பறக்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் எகிறும். விரைவாகத் துண்டிக்கும் ஃபியூஸும், அந்த எகிறலை விழுங்கும் டையோடும் சேர்ந்தால் என்ஜின் பிழைக்கும்.

வெளிநாட்டிலிருந்து இதை வாங்கி வருபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இது அமெரிக்காவின் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் சுருள் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வழியாகத்தான் இணைக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அப்போதும் சற்றுக் கூடுதலாகச் சூடாகும். முழுச் சுமை ஏற்ற வேண்டாம்.

இரும்பும் செம்பும் எழுபது ஆண்டுகள் தாங்கும். ரப்பர் உறையிட்ட மின்கம்பி தாங்காது. கம்பியில் வெடிப்பு தெரிந்தால் பெட்டியைச் செருகாதீர்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துக் கம்பியையும் கரி உருளைகளையும் மாற்றுங்கள். அந்தச் செலவுக்குப் பிறகு, இந்தப் பழைய பெட்டி நான்கு ரயில்களுக்கு இன்றும் போதுமானது.