கரசேவையால் மீண்ட புனித ஆறு

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தைச் சிறந்த திருத்தலமாகக் கொள்வது நம் நாட்டு மரபு. இவற்றுள் தீர்த்தம் என்பது வடசொல். ஆற்றைக் கடத்தற்குரிய துறை என்பதே அதன் முதற்பொருள். பின்னர் நீராடுதுறைக்கும், அத்துறையிலுள்ள நீருக்கும் அப்பெயர் ஆயிற்று. திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் மூர்த்தியைக் கண்டு வணங்குகின்றனர்; தலத்தை வலம் வருகின்றனர். தீர்த்தத்தின் பக்கம் செல்வோர் இக்காலத்தில் சிலரே. சென்றாலும், நீரைத் தலையில் தெளிக்கத் தயங்கிப் படியில் நின்றவாறே கைகூப்பித் திரும்புவாரும் உளர். அங்ஙனம் தயங்கத்தக்க நிலையிற் கிடந்த ஒரு புனித ஆற்றை ஊர்மக்களே இறங்கித் தூய்மை செய்த வரலாறு பஞ்சாப் மாநிலத்தில் உண்டு. அதனை இங்கே சிறிது விரித்துரைப்போம்.

அவ்வாற்றின் பெயர் காலி வேயி. வரைபடங்களில் காலி பேயின் என்றும் எழுதுவர். பஞ்சாபி மொழியில் 'காலி' என்பது கருமையைக் குறிக்கும். தமிழில் நாம் வழங்கும் பொருளை இங்கே கொள்ளுதல் கூடாது. (ஆயினும் ஒரு காலத்தில் அவ்வாறு தமிழ்ப்பொருளிலும் காலியாகத்தான் கிடந்தது என்பது வேறு செய்தி.) ஹோஷியார்பூர் மாவட்டத்தில் பியாஸ் ஆற்றின் கசிவுநீர்ப் பகுதியில் தோன்றி, கபூர்தலா மாவட்டத்தின் வழியாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓடி, பியாஸும் சட்லஜும் கூடும் ஹரிக்கே என்னும் இடத்தின் அருகே அது கலக்கின்றது. பேராறு அன்று, ஓடை என்று சொல்லத்தக்க அளவினதே. அதன் பெருமை அளவினால் வந்ததன்று.

1469-ஆம் ஆண்டு தல்வண்டியிற் பிறந்த குருநானக் தேவர், இளமையில் தம் தமக்கையார் நானகியாரும் அவர்தம் கணவரும் வாழ்ந்த சுல்தான்பூர் லோதி என்னும் ஊருக்கு வந்து பல ஆண்டுகள் தங்கினார். அங்கே ஆட்சிசெய்த தௌலத்கான் லோதியின் தானியக் களஞ்சியத்தில் கணக்கு எழுதும் பணி அவருக்குக் கிடைத்தது. நாள்தோறும் விடியலில் வேயியில் நீராடுவது அவர் வழக்கம். ஒருநாள் நீரில் மூழ்கியவர் எழவில்லை. ஊரார் தேடிக் களைத்தனர். மூன்றாம் நாள் அவர் ஆற்றினின்றும் ஞானியாக வெளிப்பட்டார் என்று சீக்கியர்தம் ஜனம்சாக்கி நூல்கள் கூறும். அதன்பின்னரே அவர் நெடும்பயணங்களை மேற்கொண்டார். நம் இராமேசுவரத்திலும் அவர் வந்து தங்கிய நினைவாக ஒரு குருத்துவாரா இருப்பதை அங்குச் சென்ற அன்பர்கள் கண்டிருக்கலாம். சுல்தான்பூரில் ஆற்றங்கரையிலுள்ள கோயில் பேர் சாகிப் எனப்படும். பேர் என்பது இலந்தை. குருநானக் நட்டதாகப் போற்றப்படும் இலந்தைமரம் அங்கே இன்றும் உளது. அவர் அருளிய ஜப்ஜி என்னும் நூல் நீருக்குத் தந்தையின் நிலையை அளித்துள்ளது.

இத்துணைச் சிறப்புடைய ஆற்றில் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 6 நகரங்களும் 40-க்கு மேற்பட்ட சிற்றூர்களும் தத்தம் சாக்கடையைத் திருப்பிவிட்டன. ஆகாயத்தாமரை படர்ந்து கரைக்குக் கரை மூடிக்கொண்டது. தலைப்பகுதியில் நீர் ஓடமாட்டாமல் வயல்களிற் பரவி நிலத்தைச் சதுப்பாக்க, கீழ்ப்பகுதி வறண்டது. ஓரிடத்தில் மிகுநீரால் பயிர் அழிய, மற்றோரிடத்தில் கிணறு வற்றியது. இரண்டுக்கும் காரணம் அடைபட்ட ஆறு ஒன்றே.

நீர் கெடுதல் என்பது யாது என்பதையும் சிறிது அறிதல் நன்று. ஓடும் நீரில் காற்றிலுள்ள உயிர்வளி கரைந்து நிற்கும். மீன் முதலியன அதனைக் கொண்டே வாழ்கின்றன. சாக்கடை கலந்தால், அதிலுள்ள அழுகுபொருளை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகி, அவ்வுயிர்வளியைத் தாமே கவர்ந்துகொள்ளும். சாக்கடையிலும் உரத்திலும் உள்ள சத்துகளை உண்டு ஆகாயத்தாமரை தழைக்கும். அது மேலே பாய்போல் மூடுவதால் வெயிலும் காற்றும் நீரை எட்டா. அக்களை மடிந்து அழுகும்போது எஞ்சிய உயிர்வளியும் தீரும். பின்னர் நீர் கறுத்து நாறத் தொடங்கும். ஆதலின் மேலுள்ள களையை மட்டும் அகற்றினால் சில திங்களில் அது மீண்டும் வந்துவிடும்; உள்ளே வருகின்ற கழிவை நிறுத்தினாலன்றி நீர் தெளியாது. நம் ஊர்க் குளங்களில் ஆண்டுதோறும் களை எடுத்தும் பயனின்றிப் போவதற்கு இதுவே காரணம் என அடியேன் கருதுகிறேன்.

2000-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சந்த் பல்பீர் சிங் சீச்சேவால் என்னும் துறவியார் சில தொண்டர்களுடன் வேயியில் இறங்கினார். ஜலந்தர் மாவட்டத்துச் சீச்சேவால் என்னும் சிற்றூரினர் அவர். அதற்கு முன்னரே ஊர்களை இணைக்கும் சாலைகளைத் தொண்டர்களைக் கொண்டு அமைத்தமையால் மக்கள் அவரைச் 'சாலை பாபா' என்னும் பொருளில் அழைத்துவந்தனர். இறங்கியவர்களிடம் முதலில் இருந்தவை கையும் கயிறும் கூடையுமே. நாற்றம் மிகுந்த நீரில் மார்பளவு நின்று களையைப் பறித்துக் கரையில் எறிந்தனர். பின்னர் மண்வாரும் இயந்திரங்கள் வந்தன. அவற்றை ஓட்டவும் பழுதுபார்க்கவும் சிற்றூர் இளைஞர்களே கற்றுக்கொண்டனர். நாள்தோறும் வெவ்வேறு ஊரினர் முறைவைத்து வந்தனர். அவர்களுக்குரிய உணவு வீடுகளிலிருந்து வந்தது. எவர்க்கும் கூலி இல்லை.

இத்தொண்டினை அவர்கள் கரசேவை என்பர். கரம் என்பது கை. கையாற் செய்யும் தொண்டு என்று நாம் பொருள் கொள்ளலாம். எனினும் பஞ்சாபியில் அச்சொல்லை 'கார்சேவா' என நெடிலாகவே ஒலிப்பர். செயல் என்னும் பொருளுடைய சொல்லோடு அதனை இயைத்துரைப்பாரும் உளர். எவ்வாறாயினும், நம் நாட்டில் அதற்கு நேரான சொல்லைத் தேடின் உழவாரப்பணி என்பதே முன்வந்து நிற்கும். திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கரத்தில் உழவாரப்படை தாங்கிக் கோயில்தோறும் புல் செதுக்கினார். அமிர்தசரஸ் பொற்கோயிலின் திருக்குளத்தில் தூர்வாரும் பணியும் கரசேவையாகவே நடைபெறும். குளத்தில் நடந்ததை 160 கிலோமீட்டர் ஆற்றுக்கு விரித்ததே இத்துறவியார் செய்த புதுமை.

களை அகன்றது, கரைகள் உயர்த்தப்பட்டன, படித்துறைகள் அமைந்தன, கரையோரம் மரங்கள் நடப்பட்டன. படுகையில் தூர்ந்து கிடந்த ஊற்றுகள் சில மீண்டும் கண்திறந்தன. ஆயினும் உண்மையான போராட்டம் சாக்கடையோடுதான். அதனை நிறுத்துமாறு நகராட்சிகளிடம் வேண்டுவதோடு நில்லாமல், கழிவுநீரைப் பயன்படுத்தும் வழியொன்றைத் தம் ஊரிலேயே அவர் செய்துகாட்டினார். ஊர்க்கழிவுநீர் குழாய்வழியே அடுத்தடுத்துள்ள கிணறுபோன்ற தொட்டிகளில் விழுகின்றது. சுழன்று நிற்குங்கால் மணலும் கசடும் அடியில் தங்குகின்றன. நெய்ப்பசையும் மிதப்பனவும் மேலே பிரிகின்றன. இடைநீர் மட்டும் திறந்த குளத்தை அடைந்து, வெயிலும் காற்றும் பட்டுத் தேறியபின் வயல்களுக்குப் பாய்கின்றது. உழவருக்குச் சத்துள்ள நீர் கிடைக்கின்றது. நிலத்தடி நீரை இறைக்கும் செலவு குறைகின்றது. ஆற்றுக்குக் கழிவு செல்வதில்லை. இதனைச் 'சீச்சேவால் முறை' என்று அழைக்கலாயினர். கங்கைக்கரைச் சிற்றூர்களுக்கும் இஃது எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. ஆயின் நகரத்துப் பெருங்கழிவுக்கு இது மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுதல் முறை. அங்கே சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்து, அவை இடையறாது இயங்குதல் வேண்டும்.

2006-ஆம் ஆண்டு அப்போதைய குடியரசுத் தலைவர் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் நேரிற் சென்று இப்பணியைக் கண்டு பாராட்டினார். இராமேசுவரத்திற் பிறந்தவர் குருநானக் நீராடிய துறையில் நின்றார் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு ஓர் உவகை உண்டாகின்றது. முகேரியன் நீர்மின் திட்டக் கால்வாயிலிருந்து வேயிக்கு நீர் விடவும் அரசு ஏற்பாடு செய்தது. 2017-இல் துறவியாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 2022-இல் அவர் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். 2019-இல் குருநானக் தேவரின் 550-ஆம் பிறந்தநாள் விழாவிற்குச் சுல்தான்பூர் லோதியில் திரண்ட அடியார்கள் வேயியின் படித்துறைகளில் நீராடினர்.

பணி முடிந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. கால்வாய் நீர் குறைந்து, எங்கேனும் கழிவு கலந்த சில கோடைகளில் மீன்கள் இறந்து மிதந்த செய்திகள் வந்ததுண்டு. அப்போதெல்லாம் தொண்டர்கள் மீண்டும் ஆற்றில் இறங்கினர். சீச்சேவாலில் உள்ள அவர்தம் மடத்திற்கு வருவோருக்கு மரக்கன்றே பிரசாதமாக அளிக்கப்படுகின்றது.

2024-ஆம் ஆண்டு முதல் அத்துறவியாரும் தொண்டர்களும் லூதியானா நகரத்தின் வழியாகச் சட்லஜில் விழும் புட்டா நாலா என்னும் ஓடையில் இறங்கியுள்ளனர். இது வேயியினும் அரிய பணி. மாட்டுத்தொழுவங்களின் சாணமும் சாய ஆலைகளின் கழிவும் அதில் கலக்கின்றன. சாணத்தை ஓடைக்கு விடாமல் பிரித்து உரமாக்கிவிடலாம். சாயமும் உப்பும் அத்தகையன அல்ல. நீரிற் கரைந்தே நிற்பன. எத்தனை தொட்டிகளில் தேக்கினாலும் அடியில் தங்கா. அவற்றை ஆலையின் வாயிலிலேயே பிரித்தெடுக்க வேண்டும். ஆதலின் அங்கே தொண்டர்கள் கரையைத் திருத்துவதோடு, எந்தக் குழாய் எங்கிருந்து வந்து ஓடையில் விழுகின்றது என்பதையும் தேடிக் கண்டு வருகின்றனர்.