புதுச் சாயத்துக்கு அடியில் பழைய துரு

தீபாவளி நெருங்கினால் வீட்டுக்குச் சாயம் பூசுவது போல, பழைய காருக்கும் சாயம் அடிக்க நம்மில் பலர் பட்டறைக்குப் போகிறோம். வண்டி பளபளவென்று திரும்பி வருகிறது. ஆனால் அடுத்த தீபாவளிக்குள் பின்சக்கர வளைவிலும் கதவின் கீழ் விளிம்பிலும் அரிசி அளவில் கொப்புளங்கள் கிளம்பிவிடுகின்றன.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அப்பா வாங்கிய பழைய புரோட்டோன் சாகா அது. தம்பியின் திருமணத்துக்கு முன் 1,800 வெள்ளி கொடுத்துச் சாயம் அடித்தோம். ஏழே மாதத்தில் கொப்புளம். திருப்புளியால் குத்திப் பார்த்தேன். புட்டி உதிர்ந்து, முனை தகட்டின் மறுபக்கம் போய்விட்டது. "பழைய வண்டி, அப்படித்தாண்ணே இருக்கும்" என்றார் பட்டறைக்காரர். பழைய வண்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணம் அதுவல்ல. துருவை முழுதாக எடுக்காமலே அதன் மேல் புட்டி பூசிச் சாயம் அடித்திருந்தார்கள்.

இரும்பு, நீர், பிராணவாயு மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். சாயம் கண்ணாடி அல்ல. மிகச் சிறிய அளவில் ஈரத்தையும் காற்றையும் உள்ளே விடும். சுத்தமான தகட்டில் நன்றாக ஒட்டியிருக்கும் சாயத்துக்கு அதனால் பெரிய கேடில்லை. துருவின் குழிகளில் உப்பு தங்கியிருந்தால்தான் ஆபத்து. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். துருவோ, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது பருக்கும்போது சாயத்தைத் தூக்குகிறது. நாம் பார்க்கும் கொப்புளம் அதுதான். ஆண்டு முழுதும் ஈரக்காற்று உள்ள நம் நாட்டில், அதிலும் கடலோர ஊர்களில், இது விரைவாகவே நடக்கும்.

ஆகவே பட்டறைக்குப் போனதும் நிறத்தைப் பற்றிப் பேசாதீர்கள். "துருவை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். பிறகு தகடு வெள்ளியாக மின்னும்வரை சுரண்ட வேண்டும். கம்பிப் பிரஷ்ஷை மட்டும் நம்பக்கூடாது. அது பல சமயங்களில் துருவை எடுக்காமல் மெருகேற்றிவிடும். குழிகளுக்குள் கறுப்பாகத் தங்கும் மிச்சத்துக்குப் பாஸ்போரிக் அமிலம் கலந்த துரு நீக்கி உதவும். ஆனால் அதை டின்னில் சொன்னபடி கழுவி உலர்த்தியாக வேண்டும். அமிலம் மிஞ்சினால் மேலே வரும் பூச்சு ஒட்டாது. தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் கெட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் முறை. ஓட்டையில் பழைய பத்திரிகையைத் திணித்துப் புட்டி பூசிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்!

சுரண்டிய தகட்டை வெறுங்கையால் தொடவே கூடாது. வியர்வையிலும் உப்பு உண்டு. அன்றைக்கே, மழைக்கு முன், இரண்டு டின் கலந்து அடிக்கும் இப்போக்சி பிரைமரைப் பூசிவிட வேண்டும். மறுநாளுக்கு விட்டால் தகட்டில் செம்மை படரத் தொடங்கிவிடும். புட்டி அந்தப் பிரைமருக்கு மேல் வருவதே நல்லது. புட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். வெறும் தகட்டின் மேல் அது நனைந்தால், இரும்பின் மேல் ஈரத்துணியைப் போர்த்தியது மாதிரிதான்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கையில் பணம் போதவில்லை என்று வண்டியைச் சாம்பல் நிற அண்டர்கோட்டோடு இரண்டு மூன்று வாரம் ஓட்டுகிறார்கள். இளைஞர்களுக்கு அது ஒரு அழகாகவும் தெரிகிறது. அந்தச் சாம்பல் பூச்சு மேலே வரும் சாயத்துக்குத் தளமே தவிர, மழைக்குக் குடை அல்ல. அதில் நுண்ணிய துளைகள் உண்டு. ஒவ்வொரு மழையிலும் நீரைக் குடிக்கும். பிறகு அதன் மேல் சாயம் அடித்தால் ஈரத்தையும் சேர்த்து மூடியதாகிவிடும். பணம் முழுதாகச் சேரும்வரை பழைய சாயத்தோடு ஓட்டுவதே மேல்.

இன்னொன்று, துரு பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் வருகிறது. கதவின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மண்ணும் இலையும் அடைத்தால் கதவுக்குள் குளம் கட்டிவிடும். சாயம் நன்கு காய்ந்த பிறகு, கதவுக்குள்ளும் அதன் கீழுள்ள பெட்டிச் சட்டத்துக்குள்ளும் துருத் தடுப்பு மெழுகைப் பீய்ச்சச் சொல்லுங்கள். மெழுகு முந்திவிட்டால் சாயம் ஒட்டாது. வெல்டிங் செய்த இடத்தின் பின்பக்கம் கருகியிருக்கும். அங்கே இது அவசியம்.

பெட்டிச் சட்டமும் இருக்கைப் பட்டி பொருத்திய இடமும் அரித்திருந்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. மோதலில் உங்களைத் தாங்கிப் பிடிப்பவை அவைதாம். அதைச் சரிசெய்யாமல் சாயத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டு போகலாம். சக்கர வளைவில் அது ஒட்டாமல் நழுவினால், உள்ளே புட்டி தடிமனாக இருக்கிறது என்று பொருள்.

எங்கள் சாகாவை இரண்டாம் முறை பிரித்து வேலை செய்ய, முதல் தடவையைவிடக் கூடுதலாகவே செலவானது. இப்போது ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அப்பா ஒரு கம்பித் துண்டோடு குந்தி, நான்கு கதவின் துளைகளையும் குத்தி விடுகிறார்.