பார்க்காமலே அடையாளம் காணும் கணக்கு

கல்கத்தா நகரில் 1897-ஆம் ஆண்டு ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. கைரேகைகளைத் தொகுத்து வைக்கும் அலுவலகங்களில் உலகிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். அங்கே பணியாற்றிய அஜிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள், பத்து விரல்களின் சுழிகளையும் வளைவுகளையும் எண்களாக மாற்றி 1024 பிரிவுகளில் அடுக்கும் முறையை உருவாக்க உழைத்தார்கள். பெயர் என்னவோ மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றிக்குத்தான் கிடைத்தது! அது தனிக்கதை. நமக்கு இங்கே வேண்டியது வேறு. கைரேகை அட்டையில் ஆளின் முகம் இல்லை. அவர் நெட்டையா குட்டையா, அழகரா அல்லரா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே ஆள் திரும்பி வந்தால், "இவர்தான்" என்று சொல்லிவிடலாம்.

புகைப்படத்துக்கும் இப்படி ஒரு கைரேகை உண்டா? உண்டு. அது யாரைக் காப்பாற்றுகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

உங்கள் வயதுள்ள மாணவி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய அந்தரங்கமான படம் ஒன்று இன்னொருவன் கையில் சிக்கிவிட்டது. நம்பி அனுப்பிய படமாக இருக்கலாம். அவளுக்கே தெரியாமல் எடுத்ததாக இருக்கலாம். அவள் முகத்தை வேறோர் உடலோடு பொருத்திக் கணிப்பொறி செய்த பொய்ப்படமாகவும் இருக்கலாம். "எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன்" என்று அவன் மிரட்டுகிறான். மாணவன் ஒருவனுக்கும் இதே கதி நேரலாம். நேர்கிறது.

அவள் இணைய நிறுவனத்துக்குப் புகார் எழுதலாம். "எந்தப் படம்?" என்று கேட்பார்கள். யாருமே பார்க்கக்கூடாது என்று எதை எண்ணித் தவிக்கிறாளோ, அதையே முன்பின் தெரியாத ஒருவரிடம் காட்டவேண்டும்! இங்கே நீக்கினால் நாளை இன்னோர் இடத்தில் முளைக்கும். அங்கும் காட்டவேண்டும். உதவி கேட்பதே இரண்டாவது அவமானமாகிவிடுகிறது.

2017-இல் ஃபேஸ்புக் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் ஒரு முயற்சி செய்தது. மிரட்டப்படுபவர் அந்தப் படத்தைத் தாமே நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். பயிற்சி பெற்ற ஊழியர் அதைப் பார்த்து, கைரேகை எடுத்து, பிறகு அழித்துவிடுவார். நோக்கம் நல்லதுதான். ஆனாலும் பலர் முகம் சுளித்தார்கள். நியாயந்தானே? ஒரு கண்ணிலிருந்து தப்புவதற்கு இன்னொரு கண்ணுக்குக் காட்டச் சொல்லலாமா?

இந்தச் சிக்கலை அவிழ்த்தது ஒரு கணக்கு. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணிப்பொறிக்குப் படம் என்பது எண்களின் அடுக்கு. கறுப்பு 0, வெள்ளை 255, இடைப்பட்ட சாம்பல் நிறங்களுக்கு இடைப்பட்ட எண்கள். ஒரு படத்தை மிகச் சிறியதாகச் சுருக்கி, அதில் ஒரு வரிசையின் 9 புள்ளிகளை எடுக்கிறோம்:

200, 190, 60, 75, 210, 180, 40, 70, 90

பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிடுங்கள். இடப்பக்கத்து எண் பெரியதானால் 1, இல்லையென்றால் 0. கிடைப்பது 11001100. இனி, யாரோ இந்தப் படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி அனுப்புகிறார். எல்லா எண்களும் 20 கூடுகின்றன. மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். அதே 11001100! வேறொருவர் படத்தை அமுக்கிச் சிறிதாக்கியதில் 60 என்பது 76 ஆகவும், 75 என்பது 74 ஆகவும் மாறிவிட்டன. இப்போது வருவது 11101100. எட்டில் ஓர் இடம் மட்டுமே மாறியிருக்கிறது. இப்படி எட்டு வரிசைகளுக்கும் செய்தால் 64 இலக்கங்கள் கிடைக்கும். அதுதான் படத்தின் கைரேகை. ஆங்கிலத்தில் இதற்கு 'ஹாஷ்' என்று பெயர். கொத்திக் கலப்பது என்று பொருள். கொத்துப் பரோட்டாவிலிருந்து முழுப் பரோட்டாவைத் திரும்பச் செய்ய முடியாதல்லவா? 11001100 என்பதிலிருந்து 200, 190 என்ற எண்கள் திரும்பி வரமாட்டா.

நடைமுறையில் இதைவிட நுட்பமான முறைகள் உள்ளன. 2009-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் ஹனி ஃபரீதும் சேர்ந்து உருவாக்கிய 'ஃபோட்டோடிஎன்ஏ' அவற்றில் முன்னோடி. குழந்தைகளைத் துன்புறுத்தி எடுத்த படங்கள் பரவுவதைத் தடுக்கவே அது பிறந்தது. 2019-இல் ஃபேஸ்புக் யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்ட 'பிடிக்யூ' இன்னொன்று. இயற்பியல்காரனான எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். வீணையின் ஒலியை ஓர் அடிப்படை அதிர்வெண்ணாகவும் அதன் மேற்சுரங்களாகவும் பிரிக்கலாம் என்று படித்திருப்பீர்கள். படத்தையும் அப்படிப் பிரிக்கலாம். மெதுவாக மாறும் ஒளி அலைகள் தாழ்ந்த சுரங்கள். படத்தின் பொது அமைப்பு அவற்றில் இருக்கிறது. தலைமுடி, துணியின் நெசவு போன்ற நுணுக்கங்கள் உச்சச் சுரங்கள். பிடிக்யூ படத்தை 64×64 புள்ளிகளாகச் சுருக்கி, கொசைன் அலைகளாகப் பிரித்து, தாழ்ந்த அலைகளில் 16×16 மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றும் இடைநிலை அளவைவிடப் பெரியதா சிறியதா என்று பார்த்து 1 அல்லது 0 போடுகிறது. ஆக 256 இலக்கங்கள்.

தொடர்பே இல்லாத இரண்டு படங்களின் ஹாஷ்களை ஒப்பிட்டால் எத்தனை இடங்கள் மாறும்? 256 நாணயங்களைச் சுண்டுவது போலத்தான், ஏறத்தாழ 128. பத்தாம் வகுப்பில் வரும் திட்ட விலக்கம் இங்கே 8. மாறிய இடங்கள் 31-க்கு மேற்படாவிட்டால் 'ஒரே படம்' என்று கொள்ளலாம் என்பது பிடிக்யூ முறையின் பரிந்துரை. 128-க்கும் 31-க்கும் இடையே 97. அதாவது 12 திட்ட விலக்கங்கள்! தற்செயலாக அத்தனை தூரம் வருவது அரிதினும் அரிது. ஆனால் உண்மைப் படங்கள் நாணயங்களைப் போல் நடந்துகொள்வதில்லை. வெறுஞ்சுவர், தெளிந்த வானம் போன்ற படங்களில் பிரிப்பதற்கு அலைகளே இல்லை. ஆகவே ஹாஷ் நம்பத்தகுந்ததா என்று சொல்ல ஒரு தர எண்ணையும் பிடிக்யூ கூடவே தருகிறது. கருவி தன் ஐயத்தையும் சேர்த்துச் சொல்வது நல்ல பழக்கம்.

இப்போது அந்த மாணவியிடம் திரும்புவோம். 2021 டிசம்பரில் பிரிட்டனின் உதவி அமைப்பு ஒன்று மெட்டா நிறுவனத்தோடு சேர்ந்து 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற சேவையைத் தொடங்கியது. அது 18 வயது நிறைந்தவர்களுக்கு. 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்காக, காணாமற்போன குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் 2023 பிப்ரவரியில் 'டேக் இட் டவுன்' சேவையைத் தொடங்கியது. இரண்டிலும் கணக்கு நடப்பது அவள் கைப்பேசிக்குள்ளேயே. படம் அங்கிருந்து நகர்வதில்லை. ஹாஷ் மட்டும் வெளியே போகிறது. இதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் தங்களிடம் பதிவாகும் படங்களின் ஹாஷ்களோடு அதை ஒப்பிட்டுத் தடுக்கின்றன. சாதாரணக் கைப்பேசிப் படத்தில் 1 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் இருக்கும். வெளியே போவதோ 32 பைட்! எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது கொசைன் அலைகூட இல்லை. கணக்கை எந்த இடத்தில் வைத்துச் செய்வது என்ற முடிவுதான். 2017-க்கும் 2021-க்கும் இடையே மாறியது அது.

அதே இடத்தில் வைத்தும் கணக்கு வேறுவிதமாகப் போகலாம். 2021 ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனம் ஒரு திட்டத்தை அறிவித்தது. மேகச் சேமிப்புக்கு அனுப்பும் முன் ஒவ்வொருவர் படத்தையும் அவரவர் கைப்பேசியே ஹாஷ் எடுத்து, குழந்தைக் கொடுமைப் படங்களின் பட்டியலோடு ஒப்பிடும். இதுவும் குழந்தைகளுக்காகவே. ஆனால் எதிர்ப்பு பலமாக எழுந்தது. பட்டியல் ஹாஷ்களால் ஆனது. அதில் என்ன படம் இருக்கிறது என்று கைப்பேசிக்காரரால் பார்க்க முடியாது. நாளை ஏதோ ஓர் அரசு, தனக்குப் பிடிக்காத அரசியல் சுவரொட்டியின் ஹாஷைச் சேர்க்கச் சொன்னால்? அதே மாதத்திலேயே, தொடர்பில்லாத இரண்டு படங்களுக்கு ஒரே ஹாஷ் வரும்படி செய்து காட்டினார்கள் ஆய்வாளர்கள். ஆப்பிள் அடுத்த மாதமே திட்டத்தைத் தள்ளிவைத்து, 2022 டிசம்பரில் கைவிட்டது. முதல் சேவையில் படத்துக்குரியவள் தானே விரும்பிக் கணக்கிடுகிறாள். இரண்டாவதில் கைப்பேசி தன் சொந்தக்காரரையே சோதிக்கிறது. இந்த வேறுபாட்டைப் பெரியவர்களிலும் பலர் கவனிப்பதில்லை.

இன்னொரு விபரீதமும் நடந்தது. 2021-இல் அமெரிக்காவில் ஒரு தந்தை, மருத்துவர் பார்ப்பதற்காகத் தம் குழந்தையின் உடல் வீக்கத்தைப் படம் எடுத்தார். கூகுளின் கணிப்பொறி அதைக் குற்றப்படமாகக் கருதியது, கணக்கு முடக்கப்பட்டது. காவல்துறை விசாரித்துக் குற்றமில்லை என்றது. கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. இங்கே வேலை செய்தது ஹாஷ் பட்டியல் அன்று. முன்பு பார்த்திராத படத்தைப் பார்த்து ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு. ஏற்கெனவே தெரிந்த படத்தை அடையாளம் காண்பது ஒன்று, தெரியாத படத்துக்குத் தீர்ப்பு எழுதுவது மற்றொன்று. ஊகத்துக்குப் பின்னால் ஒரு மனிதரும் மேல்முறையீடும் இருந்தே தீரவேண்டும் என்பது என் கட்சி.

ஹாஷ் முறைக்கும் குறைகள் உண்டு. படத்தை ஓரம் வெட்டினாலோ சாய்த்தாலோ அது தடுமாறும். திட்டத்தில் சேராத தளங்களை அது தொடாது. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய மறையீட்டுச் செய்திகளுக்குள் நுழையாது. சில வகை ஹாஷ்களிலிருந்து மங்கலான உருவத்தைத் தேற்ற முடியும் என்றும் 2021-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஹாஷ் பட்டியலையும் பூட்டித்தான் வைக்கவேண்டும்.

நடைமுறையில் ஒன்று தெரிந்திருக்கட்டும். படம் கைப்பேசியில் இருந்தால்தான் ஹாஷ் கணக்கிட முடியும். பயத்தில் முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்துவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. மிரட்டல் செய்திகளும் சான்றுகள், அவையும் இருக்கட்டும். டேக் இட் டவுன் சேவையில் பெயர் சொல்ல வேண்டியதில்லை, இந்தியாவிலிருந்தும் பயன்படுத்தலாம். படம் கையில் இல்லையென்றால், அது தோன்றிய இணைய முகவரியைக் குறித்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் தெரிவிக்கலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களுக்கு அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. பேச ஆள் வேண்டுமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.